நாற்பது நாள் சூடு

அத்தியாயம் 11

காலை பத்தரை மணிக்கு உலோகவியல் துறையின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையும்போதே பட்டாசுக்கு மனசு சரியில்லை. மாலை நான்கு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. செத்துப்போன ஒரு பெண் பொய்க்காரி இல்லை என்று அதற்குள் நிரூபித்தாக வேண்டும். கையில் இருந்ததோ ஒரு ஃபைலும் அரை பாட்டில் தண்ணீரும்தான்.

பட்டாசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாயைத் திறந்தால் சரம் முடியும்வரை நிற்காது என்பதால் ஊர் வைத்தது. முன்னால் நடந்துகொண்டிருந்த துப்பறிவாளரிடம் அவள் உதவியாளராகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அவரைப் போலீஸ்காரர்கள் உட்பட எல்லாரும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சில் அவர் அவளுக்கு நேர் எதிர். ஒரு நாளைக்கு நூறு வார்த்தை பேசினால் அன்று அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

"சார், ஆறு வருஷத்துல கொலையே இல்லாத கேஸ் இதுதான். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஒரு உலையும் நாலு உலோகக் கட்டியும். என் அம்மாகிட்ட சொன்னா, பாத்திரக்கடையில வேலைக்குச் சேர்ந்துட்டியாம்பாங்க."

சார் சிரிக்காமல் நடந்துகொண்டே இருந்தார். நான்கு நாளாகவே அவர் இப்படித்தான் இருக்கிறார்.

நான்கு நாளுக்கு முன்னால்தான் அந்தப் பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். தீயணைப்புத் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இவள் பெயரைக் கேட்டதும், "பட்டாசா? அப்ப நீயும் நானும் ஜென்ம விரோதிம்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. ஒரே மகள். மனைவி போன பிறகு அவரே தலைவாரி விட்டு வளர்த்த மகள். இங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள், இரண்டு மாதத்துக்கு முன்பு மழையில் சாலையைக் கடக்கும்போது பேருந்து மோதி இறந்துபோனாள். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை, விபத்துதான். ஆனால் போன வாரம் கல்லூரியிலிருந்து அவளுடைய பேராசிரியர் எழுதிய ஒரு கடிதம் வந்தது. உங்கள் மகள் கண்டுபிடித்ததாகச் சொன்ன சேர்மம் அவளுடைய மாதிரிகளில் இல்லை, முடிவுகளை இட்டுக்கட்டியிருக்கிறாள், அவளுக்கு வழங்கவிருந்த பட்டத்தை நிறுத்திவைக்கிறோம் என்று.

"பாப்பா பொய் சொல்ல மாட்டா சார்" என்றார் அவர். "சின்ன வயசுல கண்ணாடி டம்ளரை உடைச்சா, நான் வீட்டுக்கு வர்ற வரைக்கும் வாசல்லயே நின்னு, நான்தான் உடைச்சேன்னு சொல்லிட்டுத்தான் உள்ளே போவா. அவ செத்துப்போனதை எப்படியோ தாங்கிக்கிட்டேன். இதைத் தாங்க முடியலை."

உலை அறையைக் கவனித்துக்கொள்பவர் பழுப்புக் கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாக இவர்களுக்காகக் காத்திருந்தார். அறை நீளமானது. ஒரு பக்கம் பீரோ அளவுக்கு உலை. நடுவில் கையுறை பொருத்திய கண்ணாடிப் பெட்டி, அதன் பக்கத்தில் ஆளுயர சிலிண்டர். மூலையில் அந்தப் பெண்ணின் மேஜை துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்தது.

"அண்ணே, எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. மூணு உலோகத்தை உருக்கினா..."

"சிலிக்கன் உலோகம் இல்லம்மா."

"ஐயையோ, அதுக்கு மனசு நோகுமா?"

உலைக்காரர் சிரித்தார். சிரித்து நாளாயிருக்கும் போல. முகம் அதற்கு உடனே ஒத்துழைக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். பெரிய முக்கோணம், உள்ளே சின்னச் சின்னப் புள்ளிகள், கோடுகள்.

"ஒரு மூலை நிக்கல். ஒரு மூலை சிலிக்கன். இன்னொரு மூலையில உன் வாய்ல நுழையாத ஒரு உலோகம். எந்த அளவுல கலந்தா உள்ளே என்னென்ன சேர்மம் ஒண்ணா சேர்ந்து இருக்கும்னு காட்டுற படம் இது. நாலு வருஷத்துல அறுபத்திரண்டு கலவை உருக்கினா அந்தப் பொண்ணு. நாப்பத்தேழாவது கலவையில, அதுவரைக்கும் யாருமே பார்க்காத ஒண்ணு கிடைச்சுது."

"மேப்புல இல்லாத ஊரு."

"அப்படித்தான். வேற ஒரு லேப்ல செஞ்சு பார்த்துட்டு, அப்படி ஒரு ஊரே கிடையாதுன்னு எழுதிட்டாங்க. முதல் தடவை செஞ்ச கட்டியை எக்ஸ்ரேக்காக இடிச்சு மாவாக்கித் தீர்த்தாச்சு. அதனால மறுபடி உருக்கினா. நாலு கட்டி. காத்தில்லாத கண்ணாடிக் குழாய்ல ஒவ்வொண்ணா வெச்சு மூடி, ஆயிரம் டிகிரியில நாப்பது நாள்."

"நாப்பது நாளா? சிவில் கேஸே முடிஞ்சிடும்."

"கெட்டியான பொருளுக்குள்ள அணு நகர்ந்து அது அது இடத்துல உட்காரணும்மா. அதை அவசரப்படுத்த முடியாது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்தாறாவது நாள்தான் அவ போனா."

பட்டாசு மூலையில் காலியாக இருந்த மேஜையைப் பார்த்தாள்.

சார் முதல்முறையாக வாயைத் திறந்தார். "குழு பார்த்தது அந்த நாலு கட்டியைத்தானே? அவங்க எடுத்த படம் இருக்கா?"

இருந்தது. மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம். தேன்கூட்டுக் கண்கள் மாதிரி பெரிய பெரிய கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மெல்லிய கோடுகள் நெருக்கமாக அடைந்திருந்தன.

"கோடு ரெண்டு நிறமா இருக்கு பாருங்க. ரெண்டும் ஏற்கனவே எல்லாருக்கும் தெரிஞ்ச சேர்மங்கள். புதுசு எதுவும் இல்லைன்னு எழுதிட்டாங்க."

சார் விரலால் ஒரு கட்டத்தின் ஓரத்தைத் தடவினார். "உள்ளே இருக்கிறது ரெண்டு பேர். ஆனா வீடு ஒருத்தருக்குக் கட்டின மாதிரில்ல இருக்கு?"

"புரியுது சார்" என்றாள் பட்டாசு. "பிணத்தை எடுத்தப்புறம் தரையில சாக்பீஸ் கோடு மட்டும் இருக்குமே, அது மாதிரி. யாரோ ஒருத்தர் அந்த இடத்துல இருந்திருக்காங்க."

உலைக்காரர் படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "இது... மெதுவா ஆறினா வர்ற கோலம்ல. நாங்க ஆற விட மாட்டோமே! சூட்டோட சூடா எடுத்துத் தண்ணிக்குள்ள போட்டு, குழாயை உடைச்சிடுவோம். சட்டுனு குளிர்ந்தாத்தான் ஆயிரம் டிகிரியில இருந்தது அப்படியே நிக்கும். மெதுவா ஆறுச்சுன்னா அது பிரிஞ்சு வேற ரெண்டா ஆயிடும். அந்த வேற லேப்லயும் ஆறவிட்டுத்தான் எடுத்திருப்பாங்க."

"சின்ன வயசுல விளையாடுவோமே, 'சிலை'ன்னு கத்தினா அவங்கவங்க நின்ன மேனிக்கு நிக்கணும். கத்தலைன்னா எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க. அதானே?"

"அதேதான்மா."

"குழாய் எங்கே?" என்றார் சார்.

குவார்ட்ஸ் என்ற அந்தக் கண்ணாடிக் குழாயை அந்த அறையில் யாரும் தூக்கிப்போட மாட்டார்கள், விலை அப்படி. உலைக்காரர் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தார். முதல் தடவை செய்த கட்டியின் குழாய் சுக்குநூறாக ஒரு காகிதப் பையில் கிடந்தது. கடைசி நான்கு குழாய்களும் முழுசாக இருந்தன. ஒரு முனையில் மட்டும் ரம்பத்தால் அறுத்த நேர்த்தியான வெட்டு.

"நான்தான் அறுத்தேன். குழு கட்டியைக் கேட்டாங்க, எடுத்துக் கொடுத்தேன். உலை ஆறிப் போய்த்தான் இருந்துச்சு. பேராசிரியர் அணைச்சிருப்பார்னு நினைச்சேன். அந்த வாரம் நான் ஊர்லயே இல்ல, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்." பேசப் பேச அவர் குரல் கம்மியது. "கேட்டிருக்கணும். ஏன் ஆறியிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் நான்."

பட்டாசுக்கு ரத்தம் சூடேறியது. ஆக, யாரோ உலையை அணைத்திருக்கிறார்கள். யாராக இருக்கும்? தன் பெயர் கெடக் கூடாது என்று மாணவி மேல் பழியைப் போட்டுக் கடிதம் எழுதிய அந்தப் பேராசிரியரைத் தவிர வேறு யார்?

"சார், ஆள் சிக்கிட்டார். நான் போய் அந்தாளைச் சட்டையைப் பிடிச்சு..."

"இரு."

சார் உலையைச் சுற்றி நடந்தார். "இதை நீங்க எப்படி அணைப்பீங்க?"

"உலையிலயே பொத்தான் இருக்கு. படிப்படியா இறக்கி, அதுக்கப்புறம்தான். சுவர்ல இருக்கிற மெயின் சுவிட்சை நாங்க தொடவே மாட்டோம். ஆனா நான் வந்தப்ப மெயின்தான் இறங்கியிருந்துச்சு."

"வேற என்ன மாறியிருந்தது?"

உலைக்காரர் யோசித்தார். "சிலிண்டரை இறுக்க மூடியிருந்தாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருபத்துநாலு மணி நேரமும் ஆர்கான் வாயு போகணும். மூடினதுல உள்ளே இருந்த பொடியெல்லாம் கெட்டுப்போச்சு. எந்தப் பையன்டா இப்படிப் பண்ணினான்னு எல்லாரையும் திட்டினேன். அப்புறம் பாலிஷ் போட ஸ்பிரிட் பாட்டில் ஒண்ணு உலை பக்கத்துல இருக்கும், அது அந்தக் கடைசி அலமாரிக்குப் போயிருந்துச்சு."

சார் குனிந்தார். உலையின் முன்னால் சிவப்பு வாளி ஒன்றில் மணல் இருந்தது. அவர் நேரே வெளியே போய், தாழ்வாரத்து மூலையைப் பார்த்தார். தூசி படிந்த தரையில் வட்டமாக ஒரு சுத்தமான தடம். வாளி வருஷக்கணக்காக அங்கேதான் இருந்திருக்கிறது.

"ஆர்கான் எரியுமா?" என்று கேட்டார்.

"எரியாது. அது தெரியாதவன் இந்தக் கட்டடத்துலயே இருக்க மாட்டான்."

"அணைச்சவருக்குத் தெரியலை. சிலிண்டர்னா ஆபத்துன்னு மட்டும் தெரிஞ்சிருக்கு. மெயினை இறக்கு, வாயுவை மூடு, எரியிற சாமானை நகர்த்து, மணலைப் பக்கத்துல வை. வரிசை மாறாம செஞ்சிருக்காரு. கெடுக்கணும்னு வந்தவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான், பட்டாசு."

அவர் குரலில் என்னவோ இருந்தது. பட்டாசு சட்டென்று புரிந்துகொண்டாள். புரிந்ததும் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேண்டாம் சார்" என்றாள். "அவரா இருக்கக் கூடாது."

பேராசிரியரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. அவர் எரிச்சலோடுதான் பதில் சொன்னார். "அந்த வாரம் சாவி என்கிட்டதான் இருந்தது. அவ அப்பாவுக்கு மட்டும்தான் கொடுத்தேன். மூணாம் நாள், சாமான் எடுக்க வந்தார். அரை மணி நேரம். கூடப் போயிருக்கலாம்... அவர் முகத்தைப் பார்க்க முடியாம நான் போகலை." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஆளைத் திட்டலாம் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் பட்டாசுக்கு அப்படியே நின்றுபோயின.

காரில் அவள் கெஞ்சினாள். "சொல்ல வேண்டாம் சார். கரண்டு போச்சுன்னு சொல்லிடலாம். மனுஷன் உயிரை விட்டுடுவார்."

"மெயின் தானா இறங்காது. யார் இறக்கினதுன்னு கேட்பாங்க. பதில் இல்லைன்னா மறுபடி சோதிக்க ஒத்துக்க மாட்டாங்க. இல்லைன்னா பேராசிரியர் தலையில விடியும்." சார் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு சாட்சிதான் இருக்கு."

மூன்றாவது மாடியில் அந்தச் சின்ன வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. பெரியவர் மேஜைமேல் துணி விரித்து, தன் பழைய சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. நாலு மணிக்கு இதைப் போட்டுட்டு வரலாம்னு இருக்கேன். மரியாதையா இருக்கும்ல? ஏதாவது தெரிஞ்சுதா சார்?"

"சாமான் எடுக்கப் போன அன்னிக்கு அந்த ரூம்ல என்ன செஞ்சீங்கன்னு ஒண்ணுவிடாம சொல்லுங்க ஐயா."

பெரியவர் ஆர்வமாகவே சொன்னார். "அதையேன் கேக்கறீங்க! ஆளே இல்லாத ரூம்ல உலை ஆயிரம் டிகிரியில எரியுது சார். நம்பர் சிவப்பா மின்னுது. பக்கத்துலயே ஸ்பிரிட் பாட்டில், கைக்கெட்டுற தூரத்துல சிலிண்டர். இதுக்குள்ளயா என் பொண்ணு நாலு வருஷம் உட்கார்ந்திருந்தா? சும்மா விடுவேனா? மெயினை இறக்கினேன். சிலிண்டரை மூடினேன். பாட்டிலைத் தூக்கி அந்தக் கடைசியில வெச்சேன். வெளியே மணல் வாளி கேட்பாரில்லாம கிடந்துச்சு, அதையும் கொண்டுவந்து முன்னாடி வெச்சேன். இன்னும் எத்தனை பிள்ளைங்க அங்க வேலை செய்யுது! என் பொண்ணுக்குத்தான் ஒண்ணும் செய்ய முடியலை, மத்த பிள்ளைங்களாவது..."

அவர் பட்டாசின் முகத்தைப் பார்த்துவிட்டார். அவளால் முகத்தை மறைக்க முடியவில்லை. எத்தனையோ பேரிடம் எத்தனையோ நடித்திருக்கிறாள், இன்றைக்கு வரவில்லை.

"என்னம்மா?"

சார்தான் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. அந்த உலைக்குள் என்ன இருந்தது, எதற்காக நாற்பது நாள், மெதுவாக ஆறினால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் நான்கைந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

பெரியவர் அசையவில்லை. "நான் அணைச்சதாலயா?" என்றார். பிறகு மறுபடியும், ஏதோ புது ஊர்ப் பெயரைச் சொல்லிப் பார்ப்பதுபோல மெல்ல, "நான் அணைச்சதாலயா?"

கருகும் வாடை வந்தது. இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் அப்படியே கவிழ்ந்து கிடந்தது. முப்பத்திரண்டு வருடம் ஊரில் எங்கே புகை வந்தாலும் ஓடிய மனிதர் தன் கண்ணெதிரே புகைவதைப் பார்க்காமல் நின்றார். பட்டாசு ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். சட்டையின் நெஞ்சுப் பக்கம் பழுப்பாகப் பெட்டியின் தடம் விழுந்திருந்தது.

"அப்பா, உட்காருங்க" என்றாள். எப்போது ஐயா அப்பாவானார் என்று அவளுக்கே தெரியவில்லை. "நீங்க வேணும்னு செய்யலை."

"வேணும்னு செஞ்சவனைத் திட்டவாவது செய்யலாம்மா." அவர் தரையிலேயே உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்து அவற்றையே பார்த்தார். பெருங்குரலெடுத்து அழுதார். சார் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர் தரையில் உட்கார்ந்து பட்டாசு பார்த்ததில்லை.

அழுது ஓய்ந்ததும் பெரியவர் கேட்டது ஒன்றுதான். "நான் இதை அங்க வந்து சொன்னா, பாப்பா பேர்ல விழுந்த கறை போகுமா?"

"மறுபடி சோதிக்க வைக்கலாம். அதே கட்டியைத் திரும்பச் சூடாக்கி, தண்ணியில போட்டுப் பார்க்கலாம். பாப்பா சொன்னது நிஜம்னா அது திரும்ப வரும்."

"நிஜம்னா என்ன சார். நிஜம்தான்." எழுந்து, கருகிய சட்டையையே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நான்கு மணிக்கு ஐந்து பேர் உட்கார்ந்திருந்த அறையில் அவர் எழுந்து நின்று, நெருப்புச் சம்பவத்துக்கு அறிக்கை கொடுப்பதுபோலத் தேதி, நேரம், செய்த காரியம் என்று வரிசையாகச் சொன்னார். குரல் ஒரே இடத்தில்தான் உடைந்தது. "அணைத்தவர் பெயர்" என்று சொல்லித் தன் பெயருக்குப் பதிலாக, "அவளோட அப்பா" என்றார். குழுத் தலைவி நாற்பது வருடமாக உலோகங்களோடு காலம் தள்ளிய அம்மாள். அவர் மைக்ராஸ்கோப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் நீட்டி, வெகுநேரம் பார்த்தார்.

"இதை நான் முதல் நாளே கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொல்லி, பத்து நாள் தள்ளிவைத்தார்.

உலைக்காரர் அன்று மாலையே இரண்டு கட்டியைப் புதுக் குழாயில் அடைத்து உலையில் ஏற்றினார். ஏற்கனவே கலந்ததுதான், ஒரு வாரம் போதும் என்றார். அந்த ஒரு வாரமும் பெரியவர் காலையில் வந்து சாயந்திரம்வரை உலை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டாசு தினமும் எதையாவது சாக்குவைத்துப் போனாள். சிரிக்கவைக்கப் பார்த்தாள். அவளுக்காக அவரும் சிரித்தார்.

எட்டாம் நாள் உலைக்காரர் நீண்ட இடுக்கியால் செக்கச்செவேலென்றிருந்த குழாயை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டு உடைத்தார். சட்டென்று ஒரு சீறல், பிறகு அமைதி. அந்த அம்மாளே முன்னால் உட்கார்ந்து, மெருகு போட்ட கட்டியை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். கோடுகள் எதுவும் இல்லை. கட்டங்கள் முழுசாக, ஒரே நிறத்தில் இருந்தன. எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. அந்தப் பெண் தன் ஆய்வேட்டில் எழுதியிருந்த எண்களோடு அதன் ஒவ்வொரு எண்ணும் ஒத்துப்போனது. பேராசிரியர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "வந்துடுச்சு ஐயா! திரும்பி வந்துடுச்சு!" என்று உலைக்காரர் தாழ்வாரம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினார்.

பட்டத்தை வழங்குவதாகவும், குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் கடிதம் தயாராகிக்கொண்டிருந்தது. பெரியவர் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பட்டாசு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, பாப்பா ஜெயிச்சுட்டா."

அவர் தலையாட்டினார். பிறகு கேட்டார். "நான் அந்த மெயினை இறக்காம இருந்திருந்தா, யாரும் அவளைப் பொய்க்காரின்னு சொல்லியிருக்க மாட்டாங்க இல்ல?"

பட்டாசு வாயைத் திறந்தாள். ஆறுதலாகச் சொல்ல ஆயிரம் இருந்தது. அவர் கையை உயர்த்தினார்.

"அவ பொய் சொல்லலைன்னு காட்டத்தான் இவ்வளவு பாடுபட்டோம். நீ எனக்காக ஒரு பொய் சொல்லிடாதேம்மா."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாம்பா" என்றாள். "சொல்லியிருக்க மாட்டாங்க."